தோல் நமக்கு, ஊன் யாருக்கு?

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் தோலின் வரலாற்றையே எழுதினார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் குரோம் பதனீட்டைப் புகுத்திய காலம், 1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிய காலம் ஆகியவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. தோல் வணிகர்களின் கொடையும் மறக்கப்படவில்லை. 1919இல் வாணியம்பாடியில் உருவான இஸ்லாமியாக் கல்லூரியும், 1924இல் காக்கா முஹம்மது உமர் அவர்கள் உமராபாத்தில் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாமும் அக்கொடைக்குச் சான்றுகளாக நிற்கின்றன.

ஆயினும் ஒவ்வொரு தோலின் உள்ளேயும் ஓர் உடல் இருந்தது. அவ்வுடலில் மனிதர் உண்ணாத ஊன் எங்கே போயிற்று? கழுகுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் போயிற்று என்பதே விடை. தோலுக்குக் கணக்கு எழுதிய நாம் அந்த ஊனுக்குக் கணக்கு எழுதவில்லை. நாய்க்குப் பச்சை இறைச்சி இடுவது பற்றி நம் மார்க்க அறிஞர்கள் என்ன கூறினார்கள், வரலாறு நமக்கு என்ன கற்பித்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இப்பொருள் இன்று புதிய கோலத்தில் மீண்டும் வந்துள்ளது. நாய்க்குச் சமைக்காத இறைச்சியும் எலும்புமே இயற்கையான உணவு என்று ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் ஒரு நூல் எழுதினார். அக்கொள்கை உலகின் பெருநகரங்களில் பரவியது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012இல் இதை ஊக்குவிக்கலாகாது என்று கொள்கை வகுத்தது. உண்மையில், நாய்க்கென ஆலையில் செய்த உணவுதான் புதியது. இலண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் நாய் பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கியது 1860களில்தான். அதற்கு முன் உலகெங்கும் நாய்கள் வீட்டு மிச்சத்தையும் கூழையும் கசாப்புக் கழிவையும் தின்றே வாழ்ந்தன. எனவே நாம் ஆராய வேண்டியது பச்சை இறைச்சி பழையதா புதியதா என்பதன்று. எந்த இறைச்சியை, யார், எவ்வாறு இடுவது, அதனால் வரும் தீங்கை யார் சுமப்பது என்பதே நம் முன்னுள்ள வினாவாகும்.

வேட்டை நாயும் பச்சை ஊனும்

திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவின் நான்காம் வசனம், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் நமக்காகப் பிடித்து வைத்ததை உண்ண அனுமதிக்கிறது. தய்யி குலத் தலைவரான அதீ இப்னு ஹாத்திம் (ரலி) இதுபற்றி வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) ஓர் அளவுகோலைத் தந்தார்கள். நாய் தான் பிடித்த வேட்டையிலிருந்து தின்றுவிட்டால் நாம் அதனை உண்ணலாகாது. ஏனெனில் அது தனக்காகவே பிடித்திருக்கிறது. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இந்த அளவுகோலில் ஒரு நுட்பம் உண்டு. நாயின் முன்னே வெதுவெதுப்பான பச்சை ஊன் கிடக்கிறது. அதைத் தொடாமல் எசமானனுக்காகக் காத்து நிற்பதே பயிற்சியின் அடையாளம். பசியோடு அனுப்பப்படும் நாய்க்கு இந்தக் கட்டுப்பாடு எளிதன்று. ஆகவே வேட்டை நாயை வைத்திருப்பவன் அதற்குத் தன் கையால் உரிய உணவை அளிக்கக் கடமைப்பட்டவனாகிறான்.

வேட்டை, மந்தைக் காவல், பயிர்க் காவல் ஆகியவற்றுக்காக நாய் வைத்திருப்பதை நபிமொழிகள் அனுமதிக்கின்றன. இத்தேவைகள் இன்றி வைத்திருப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்றும் எச்சரிக்கின்றன. இவ்விரண்டையும் ஒருசேர நோக்கியவர்களே நம் முன்னோர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாஹிழ், தம் கிதாபுல் ஹயவானில் நாயையும் சேவலையும் பற்றி ஒரு நீண்ட வாதத்தையே அமைத்தார். அக்பரின் அவையில் அபுல் ஃபஸ்ல் எழுதிய ஆயினே அக்பரீ, காபூலிலிருந்து, குறிப்பாக ஹஸாராப் பகுதியிலிருந்து, சிறந்த நாய்கள் வந்ததைக் குறிப்பிடுகிறது. வேட்டைச் சிறுத்தைகளுக்கு அன்றாடம் எவ்வளவு இறைச்சி என்ற அளவும் அந்நூலில் உண்டு. நாயை வெறுத்து ஒதுக்கியதே முஸ்லிம்களின் வரலாறு என்பது நூல்களைப் புரட்டாதவர்களின் முடிபாகும்.

உணவளித்தல் இரக்கமா, கடமையா?

பூனையைக் கட்டிவைத்துத் தானும் உணவளிக்காமல், பூமியில் ஊர்வனவற்றைத் தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண் தண்டனைக்குள்ளானாள் என்பதை நாம் அறிவோம். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்பதையும் அறிவோம். அப்போது, ஈரமுள்ள ஈரலுடைய ஒவ்வோர் உயிருக்குச் செய்யும் உதவியிலும் நற்கூலி உண்டு என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அருளினார்கள்.

ஃபிக்ஹு அறிஞர்கள் இவற்றை அறிவுரை என்ற அளவில் நிறுத்தாமல் சட்டமாக வகுத்தனர். ஹனஃபீ மத்ஹபின் புகழ்பெற்ற நூலான அத்துர்ருல் முக்தாரில் அல்லாமா ஹஸ்கஃபீ (மறைவு ஹிஜ்ரி 1088), தயம்மும் செய்யத் தகுந்த காரணங்களில் ஒன்றாகத் தாகத்தின் அச்சத்தைக் கூறி, அது தன் நாயின் தாகமாயினும் சரியே என்று சேர்க்கிறார். உளூச் செய்ய வைத்திருக்கும் நீரை நாய்க்குக் கொடுத்துவிட்டு மண்ணைத் தொட்டுத் தொழலாம் என்பதன்றோ இதன் பொருள்! ஷாஃபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (மறைவு ஹிஜ்ரி 660) தம் கவாயிதுல் அஹ்காமில் விலங்குகளுக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளைப் பட்டியலிடுகிறார். மூத்துத் தளர்ந்தோ நோயுற்றோ பயனற்றுப் போன பிராணிக்கும் அதன் செலவைக் கொடுத்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

நாயின் எச்சில் அசுத்தமானது என்பதும், ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே நஜீஸ் என்பதும் இக்கடமையைக் குறைக்கவில்லை. தூய்மை பற்றிய சட்டம் மனிதனின் ஆடைக்கும் பாத்திரத்துக்கும் உரியது. உணவு பற்றிய சட்டம் பிராணியின் வயிற்றுக்கு உரியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதனால்தான் நம்மிடையே சிலர் நாயைக் கல்லால் அடிப்பதே பேணுதல் என்று கருதிவிட்டனர்.

செத்த பிராணியின் தோலும் ஊனும்

தோல் தொழிலின் அடிப்படையே ஒரு நபிமொழிதான் என்று சொன்னால் மிகையாகாது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபிகள் நாயகம் (ஸல்), அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்ற கருத்தில் கேட்டார்கள். அது செத்ததாயிற்றே என்று கூறப்பட்டபோது, அதனை உண்பது மட்டுமே தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் இந்நிகழ்ச்சியின் பேரில், பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும் என்ற சட்டம் எழுந்தது. பன்றித் தோல் இதற்கு விலக்கு. ஷாஃபிஈ மத்ஹபில் நாய்த் தோலும் விலக்கு. உப்பிட்டும் வெயிலில் உலர்த்தியும் ஈரத்தைப் போக்குவதையும் ஹனஃபீ அறிஞர்கள் பதனிடுதலாக ஏற்றனர். ஷாஃபிஈ அறிஞர்களோ துவர்ப்புப் பொருள் வேண்டும் என்றனர். வட ஆர்க்காட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபீகளாகவும், கடற்கரையூர்களில் பலர் ஷாஃபிஈகளாகவும் இருப்பதால் இவ்விரு கருத்துகளும் தமிழகத்துக்கு அயலானவை அல்ல.

இந்தியத் தோல் வணிகத்தில் ஹலாலீ, முர்தாரீ என்று இரு சொற்கள் வழங்கின. அறுக்கப்பட்ட பிராணியின் தோல் முன்னது; தானாகச் செத்த மாட்டின் தோல் பின்னது. வணிகர் தோலின் தரத்தைக் குறிக்க ஆண்ட இச்சொற்களில் ஃபிக்ஹின் வாசம் இருப்பதை உணரலாம். தோல் தூய்மையாகிவிடும் என்பதில் ஐயமில்லை. தோலுரித்தபின் எஞ்சும் செத்த ஊனின் நிலை என்ன? அதை நாய்க்கு இடலாமா?

இங்கே இமாம்கள் வேறுபட்டனர். ஹனஃபீ அறிஞர் அபூபக்ர் அல்ஜஸ்ஸாஸ் (மறைவு ஹிஜ்ரி 370) தம் அஹ்காமுல் குர்ஆனில், செத்ததை எவ்வகையிலும் பயன்படுத்துதல் கூடாது. நாய்களுக்கும் வேட்டைப் பறவைகளுக்கும் அதை ஊட்டுவதும் ஒருவகைப் பயன்பாடே என்று தம் மத்ஹபின் கருத்தைப் பதிவு செய்கிறார். பின்வந்த ஹனஃபீ நூல்கள் இதை மேலும் நுட்பமாக்கின. செத்ததைப் பிராணியிடம் தூக்கிச் செல்லலாகாது. பிராணியைச் செத்ததன்பால் ஓட்டிச் செல்லலாம் என்றன. இமாம் நவவீ (மறைவு ஹிஜ்ரி 676) அல்மஜ்மூஉ நூலில், செத்ததை நாய்க்கும் பறவைக்கும் ஊட்டுவது கூடும் என்ற ஷாஃபிஈ நிலையைத் தருகிறார்.

இவ்வேறுபாட்டைச் சொற்சிலம்பமாகக் கருதுவது பிழை. முதல் சாரார், தடுக்கப்பட்ட பொருளை மனிதன் கையாளுவதையும் உடைமையாக்குவதையும் கவனித்தனர். இரண்டாம் சாரார் பிராணியின் தேவையைக் கவனித்தனர். ஆனால் இரு சாராரும் ஒன்றில் உடன்பட்டனர்: செத்த ஊன் மனிதனுக்கு உரியதன்று, அதைத் தின்னும் உயிர்கள் உலகில் உண்டு. முறைப்படி அறுத்த பிராணியின் இறைச்சியோ தூய்மையானது. அதில் ஒரு பங்கை நாய்க்கு இடுவதற்குத் தடையில்லை. வீண்விரயம் ஆகாமல் பார்த்துக்கொள்வதே போதுமானது.

கழுகு மறைந்தபோது

நெடுங்காலம் இந்தியாவின் சிற்றூர்களில் தோலுரிக்கப்பட்ட மாட்டின் உடலை முதலில் கண்டுகொண்டவை பாறுகள் எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளே. அவை கூட்டமாக இறங்கிச் சிறிது நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுச் செல்லும். 1990களிலிருந்து அவை திடீரெனக் குறையத் தொடங்கின. வெண்முதுகுப் பாறுகளில் 2007ஆம் ஆண்டுக்குள் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் ஊன்வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என்பது 2004இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதை இந்திய அரசு தடை செய்தது.

கழுகு உண்ணாத ஊனை நாய்கள் உண்டன. உணவு பெருகவே அவற்றின் இனமும் பெருகியது. 2008இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, 1992 முதல் 2006 வரை இதனால் கூடுதலாக ஏற்பட்ட வெறிநாய்க்கடி மரணங்கள் ஏறக்குறைய 48,000 என மதிப்பிட்டது. இது மதிப்பீடே எனினும், அது காட்டும் வழி தெளிவானது. நாய்க்கு யாரும் திட்டமிட்டு இறைச்சி ஊட்டவில்லை; கவனிப்பாரற்றுக் கிடந்த ஊனே ஊட்டியது. கடமையுணர்வோடு ஒரு நாய்க்கு இடும் உணவு வேறு, பொறுப்பின்றி வெட்டவெளியில் எறியும் ஊன் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி இல்லை.

ஈரலில் ஒளிந்திருக்கும் தீங்கு

பச்சை ஊனில் மற்றொரு தீங்கும் உண்டு. ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சிலபோது நீர் நிறைந்த கட்டிகள் காணப்படும். இறைச்சிக் கடையில் நிற்பவர்கள் இவற்றைப் பார்த்திருப்பர். அவை ஒரு நாடாப்புழுவின் இளநிலை. அந்த ஈரலை நாய் பச்சையாகத் தின்றால், புழு நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே வளர்ந்து முட்டையிடும். முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லிலும் மண்ணிலும் பரவும். ஆடு மேயும்போது அதன் வயிற்றுள் செல்லும். கழுவாத கை, கழுவாத கீரை, நாயின் மயிர் ஆகியவற்றின் வழியாக மனிதனுள்ளும் செல்லும். மனிதனின் ஈரலில் அக்கட்டி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். அறுவை சிகிச்சை வரை கொண்டு செல்லக்கூடிய நோய் இது.

ஐஸ்லாந்து மக்கள் இதன் கொடுமையை நன்கறிந்தவர்கள். ஆடு வளர்ப்பே வாழ்வாகவும், வீடுதோறும் நாயாகவும் இருந்த அத்தீவில் இந்நோய் மிகுந்திருந்தது. 1863இல் டென்மார்க் அறிஞர் ஹரால்ட் கிராப்பே அங்குச் சென்று ஆராய்ந்து, நோயின் வழியை எளிய மொழியில் சிறுநூலாக எழுதி மக்களுக்கு வழங்கச் செய்தார். கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு எட்டாதபடி அழிக்க வேண்டும் என்ற விதி 1869இல் சட்டமாயிற்று. தலைமுறைகள் சிலவற்றில் நோய் அத்தீவைவிட்டு நீங்கியது. நியூசிலாந்து 1959இல் இதற்கெனச் சட்டம் இயற்றி, 2002இல் நோய் நீங்கிய நாடாகத் தன்னை அறிவித்தது. இவ்விரு நாடுகளும் நாய்களை ஒழிக்கவில்லை. நாய்க்குப் பச்சை ஈரல் கிடைப்பதைத்தான் ஒழித்தன.

நாய் நக்கிய பாத்திரத்தைக் கழுவுமாறு வந்த நபிமொழியை இந்தப் புழுவோடு இணைத்து அறிவியல் அற்புதம் பேசுவோர் உண்டு. வணக்கம் சார்ந்த சட்டத்துக்கு அத்தகைய முட்டுக்கொடுத்தல் தேவையில்லை. ஆனால் தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு இழைக்கக் கூடாது என்ற பொது விதி இங்கே நேரடியாகப் பொருந்தும். கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறிபவர் இரக்கம் காட்டவில்லை. நாயையும் அண்டை வீட்டுக் குழந்தையையும் ஒரே வேளையில் நோய்க்கு உள்ளாக்குகிறார்.

சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்

இனி நம் ஊர்த் தொழிற்கூடத்துக்கு வருவோம். பதனிடும் முன் தோலின் உட்புறத்தில் ஒட்டியுள்ள சதையையும் சவ்வையும் சீவி எடுக்கிறார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இடுமுன் சீவியது பச்சை ஊனே. அதில் உப்பு மிகுந்திருக்கும். சுண்ணாம்பிலும் சல்ஃபைடிலும் ஊறியபின் சீவியது எந்த உயிரின் வயிற்றுக்கும் ஏற்றதன்று. இக்கழிவிலிருந்து வச்சிரப் பசை காய்ச்சுவது பழைய வழி. எரிவாயு எடுப்பது மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து காட்டிய புதிய வழி. இரண்டும் அல்லாமல் அதை வெளியில் கொட்டினால் நாய்கள் கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்று தோலே நாய்க்கு உணவாகிறது. சுண்ணாம்பு கண்ட தோலைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, உள்ளடுக்கைக் கழுவி, வெளுக்கவைத்து, எலும்பு வடிவில் முறுக்கி உலர்த்தி, நாய் கடிக்கும் பண்டமாக்கி அயல்நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவும் இதை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று. அறுத்த பிராணியின் தோலாகவும், வேதிப்பொருள் முற்றும் நீங்கியதாகவும் இருப்பின் இது பயனுள்ள தொழிலே. ஆனால் குரோம் ஏறிய தோலின் சீவலும் தூளும் எந்தத் தீவனத்திலும் கலக்கலாகாது. வங்காளதேசத் தலைநகர் டாக்காவின் ஹஜாரிபாக் பகுதியில் தோல் கழிவிலிருந்து கோழித் தீவனமும் மீன் தீவனமும் செய்தார்கள். 2011இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதற்கு எதிராக ஆணையிட நேர்ந்தது. பிராணியின் வயிற்றில் இட்ட நஞ்சு மனிதனின் தட்டுக்கே திரும்பும் என்பது அங்கு மெய்ப்பட்டது.

பாலாற்றுக்கு நேர்ந்ததும் இதனினும் வேறன்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30 அன்றும் அந்நீதிமன்றம் இப்பகுதி மக்களுக்கான இழப்பீடு குறித்து மீண்டும் ஆணையிட்டது. தோலின் இலாபத்தை எடுத்துக்கொண்டு எச்சத்தை ஊரின் தலையில் கட்டலாகாது என்பதே இத்தீர்ப்புகளின் சாரம். கழிவுநீருக்குப் பொருந்தும் அந்நீதி கழிவு ஊனுக்கும் பொருந்தும்.

குர்பானி நாளின் கணக்கு

தியாகத் திருநாளில் நாம் எவ்வளவு நுட்பமாகக் கணக்குப் பார்க்கிறோம்! இறைச்சியை மூன்று பங்காக்குகிறோம். தோலை விற்றுத் தனக்கென வைத்துக்கொள்ளலாகாது, அறுத்தவருக்குக் கூலியாகவும் கொடுக்கலாகாது என்பதை ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையிலிருந்து அறிந்து பேணுகிறோம். அத்தோல்களைச் சேகரித்தே பல மதரஸாக்கள் மாணவர்களுக்கு உணவளித்தன. அண்மைக் காலமாகத் தோலின் விலை வீழ்ந்து அவ்வருவாய் தேய்ந்திருப்பது தனித்த கவலைக்குரியது.

ஆனால் ஓடும் இரத்தம், பித்தப்பை, சிறுநீர்ப்பை, கழலை என ஹனஃபீ நூல்கள் உண்ணலாகாதவையாக எண்ணும் ஏழும், குடலின் கழிவும், கட்டி விழுந்த ஈரலும் எங்கே போகின்றன? பல ஊர்களில் தெருமுனைக்கும் ஆற்றுப்படுகைக்கும் போகின்றன. அடுத்த சில நாள்கள் நாய்க் கூட்டம் அங்கே மேய்கிறது. பின்பு அதே நாய்கள் தெருவில் குழந்தைகளைத் துரத்தும்போது நாமே முறையிடுகிறோம். 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள் தெருநாய்களுக்கு உணவிட இடம் குறிக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் குறித்த இடங்களிலேயே உணவிட வேண்டும் என்றது. மஹல்லா ஜமாஅத்துகள் நகராட்சியோடு சேர்ந்து இதை எளிதில் நடைமுறைப்படுத்தலாம்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. அறுக்கும் இடத்திலேயே ஆழமான குழி தோண்டிக் கழிவைச் சுண்ணாம்பிட்டு மூட வேண்டும். கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் எந்நிலையிலும் நாய்க்கு எறியலாகாது. நாய்க்கு இட விரும்பும் உறுப்புகளை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்து, ஆறியபின், தெருநாயாயின் குறித்த இடத்தில் வைக்க வேண்டும். பச்சை ஊனைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். மந்தைக்கும் தோட்டத்துக்கும் நாய் வைத்திருப்போர் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதோடு, கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி குடற்புழு மருந்தும் கொடுத்து வர வேண்டும்.

பதனிட்டால் தோல் தூய்மையாகும் என்ற சட்டத்தைக் கொண்டு நம் முன்னோர் ஒரு தொழிலையும், அத்தொழிலைக் கொண்டு கல்விக்கூடங்களையும் எழுப்பினார்கள். அதே ஃபிக்ஹு நூல்களில், சில பக்கங்கள் தள்ளி, நாயின் தாகத்தைப் பற்றிய சட்டமும் செத்த ஊனைப் பற்றிய சட்டமும் எழுதப்பட்டுள்ளன. தோலுக்கான பக்கத்தை நன்கு ஓதிய நம் ஊர்கள், ஊனுக்கான பக்கத்தையும் ஓதிச் செயற்படுத்த வேண்டும். வரும் துல்ஹஜ் மாதத்தில் ஒவ்வொரு மஹல்லாவும் தோல் சேகரிக்க ஒரு குழுவை அமைப்பதுபோல், கழிவைப் புதைக்கவும் ஒரு குழுவை அமைக்குமானால் அதுவே நல்ல தொடக்கமாகும்.